பனை ஓலைக்கு ஒரு கோடு போதாது

"பனை ஓலைப் பொருளுக்கு எச்.எஸ். கோடு என்ன?" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. எச்.எஸ். கோடு என்பது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண், அதன் முதல் 2 இலக்கம் அத்தியாயம். காய்ந்த ஓலையாக மூட்டை கட்டினால் 1401.90. நீளப் பட்டையாகப் பின்னிச் சுருட்டினால் 4601.94. பெட்டியாக முடைந்தால் 4602.19. தொப்பியானால் 6504. அதே மரத்து மட்டையில் எடுத்த தும்பு பிரஷ் செய்யப் போனால் 1404.90. சுங்கம் மரத்தைப் பார்ப்பதில்லை. பொருள் எந்த நிலையில் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது.

பின்னாத மூலப்பொருளுக்கு 1401தான் இடம். மூங்கில் 1401.10, பிரம்பு 1401.20, மற்றதெல்லாம் 1401.90: கோரை, நாணல், தாழை மடல், ரஃபியா. "நாங்கள் சாயம் போட்டுவிட்டோம், இன்னும் 1401 பொருந்துமா?" என்பது அடிக்கடி வரும் சந்தேகம். பொருந்தும். மூங்கிலைப் பிளக்கலாம், நீளவாக்கில் அறுக்கலாம், அளவாக நறுக்கலாம், முனையை உருட்டலாம், வெளுக்கலாம், பாலிஷ் போடலாம், தீப்பிடிக்காமல் பதப்படுத்தலாம். அத்தியாயம் 14-இன் 2-ஆம் குறிப்பு இவ்வளவையும் அனுமதிக்கிறது. இந்த வரம்பைத் தாண்டி வேலை செய்தால் மரத்துக்கான 44-க்குப் போய்விடும். மூங்கில் தரைப்பலகை 4409.21 ஆவது அப்படித்தான். எது வேலை, எது வெறும் பதப்படுத்தல் என்பதில் பணமும் இருக்கிறது. ஊதுபத்திக் குச்சி இறக்குமதியைக் கட்டுப்படுத்த 2020 ஜூனில் இந்தியா மூங்கில் மீதான வரியை 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தியது.

வைக்கோல் மட்டும் தனிக் கதை. களத்திலிருந்து அப்படியே வந்தால், நறுக்கியிருந்தாலும் அழுத்திக் கட்டியிருந்தாலும், 1213. சுத்தம் செய்து, வெளுத்து அல்லது சாயமேற்றிப் பின்னலுக்குத் தயாராக்கினால் 1401.90.

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் வாழை. பட்டையைக் கிழித்துக் காயவைத்தது 1401.90. அதிலிருந்து பிரித்தெடுத்த நார் ஜவுளி இழை, ஆகவே 5305. நூலாக நூற்றால் 5308. இதில் ஒரு வேடிக்கை உண்டு: மூலப்பொருளாக 14-க்குள் நுழைய முடியாத நாரை, நூற்காமல் கூடையாக முடைந்தால் பின்னல் வேலைக்கான 46 ஏற்றுக்கொள்கிறது. "பின்னல் பொருள்" என்பதற்கு அந்த அத்தியாயம் தரும் விளக்கத்தில் நூற்காத இயற்கை இழையும் அடக்கம். நூற்றுவிட்டால் இடமில்லை. அதனால் வாழைப் பட்டையில் பின்னிய கைப்பை 4602.19, வாழைநூலில் குரோஷா போட்ட கைப்பை 4202.22. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓரத்தில் ஒரு இழையை உருவி முறுக்கை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். பட்டையாக விரிந்தால் பட்டை. பிசிறு பிசிறாகப் பிரிந்தால் நூல். கப்பல் ஏறுமுன் செய்ய வேண்டிய சோதனை இது, அரை நிமிடம்கூட ஆகாது.

(பிரம்புப் பை, ஓலைப் பை எல்லாவற்றையும் "பை" என்பதற்காக 4202-இல் தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்னல் பொருளில் செய்தது 4202-இல் வராது என்று அத்தியாயம் 42-இன் 3-ஆம் குறிப்பு தெளிவாகவே சொல்கிறது.)

பத்தமடைப் பாயில் பாவு பருத்தி நூல், ஊடை கோரை. நூல் இருப்பதால் ஜவுளி ஆகிவிடாது. நூலின் வேலை கோரையைப் பிடித்து வைப்பது மட்டும் என்றால் 4601.29-தான். கயிற்றுப் பாய் அப்படியில்லை: தேங்காய் நாரில் நெய்த தரைவிரிப்பு 5702.20.

பிளாஸ்டிக் குழலில் நெய்த பாயை "கோரைப் பாய்" என்று இன்வாய்ஸில் எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. அது தாவரமே இல்லை. அங்கே அளவுகோல்தான் நீதிபதி: குழலை விரலால் தட்டையாக அமுக்கி அகலத்தை அளக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 46-இல் நிற்கும், 4601.99. 5-க்குள் என்றால் அந்தக் குழல் செயற்கை இழைக்கான 54-ஆம் அத்தியாயச் சரக்கு, பாய் ஜவுளிப் பிரிவுக்குப் போகும்.

முடித்த பொருள்களில் சிக்கல் குறைவு. மூங்கில் முறம் 4602.11, பிரம்புக் கூடை 4602.12, பிரம்பு நாற்காலி 9401.53, ஈர்க்குமாறு 9603.10.

இன்வாய்ஸில் "இயற்கை நார்க் கைவினைப் பொருள்" என்று எழுதினால் அதிகாரி சாம்பிள் எடுக்காமல் விடமாட்டார். செடி, அதன் பாகம், செய்த வேலை, அமைப்பு, அளவு ஐந்தும் ஒரே வரியில் வர வேண்டும்: "பனை ஓலைப் பெட்டி, கீறிச் சாயமிட்ட ஓலை, கையால் நேரடியாக முடைந்தது, உள்துணி இல்லை, 25×20×15 செ.மீ." முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குமேல் வாங்குபவர் நாட்டு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், நம்முடைய 8 இலக்கத்தை அங்கே ஒட்டக் கூடாது. இறக்குமதியில் தகராறு வரும் என்று முன்பே தெரிந்தால், டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் சரக்கு வருமுன் விண்ணப்பிக்கலாம்.

கோடு சரியாக இருந்தும் சரக்கு துறைமுகத்தில் முடங்குவது உண்டு. இறக்குமதியாகும் பதப்படுத்தாத மூங்கிலும் பிரம்பும் இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்குள் வரும். பூச்சி, நோய் இல்லை என்று அனுப்பும் நாடு தரும் தாவர நலச் சான்றிதழ் இல்லையென்றால் 1401 என்று எத்தனை முறை எழுதிக் கொடுத்தாலும் கேட் திறக்காது.