புது காரில் ஸ்டீரியோ மாற்றும்போது ஒயரை வெட்ட விடாதீர்கள்

பேஸ் மாடல் கார் எடுத்துவிட்டு, வெளியே நல்ல டச் ஸ்கிரீன் செட் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நம் சேலத்தில் நிறைய பேர். நல்ல யோசனைதான், பணமும் மிச்சம். ஆனால் கடையில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்குள் கை விட்டால் தயவுசெய்து அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய வண்டிகளில் விஷயம் எளிது. செட்டில் வரும் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரி 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் ஏசிசி, கறுப்பு எர்த். இந்த மூன்றும் ஸ்பீக்கர் ஒயர்களும் சரியாக இருந்தால் பாட்டு வந்துவிடும். இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டீரியோவுக்கு அந்த ஏசிசி ஒயரே வருவதில்லை. சாவி போட்டாச்சு, ரிவர்ஸ் கியர் விழுந்தாச்சு, ஸ்டியரிங்கில் வால்யூம் அமுக்கியாச்சு என்பதெல்லாம் முறுக்கிய இரண்டு ஒயரில் செய்தியாக ஓடுகிறது. கேன் பஸ் என்பது இதுதான், பாஷ் நிறுவனம் 1986லேயே அறிமுகப்படுத்தியது. அந்த இரண்டு ஒயரில் ஓடுவது வெறும் 1.5 முதல் 3.5 வோல்ட் வரை, அதில் போய் பல்பு வைத்த டெஸ்டர் ஊசியைக் குத்தினால் வண்டியின் மற்ற யூனிட்டுகள் பேசிக்கொள்வதே குழம்பும். மல்டிமீட்டர் இல்லாத ஆளிடம் புது வண்டியைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

என் சித்தப்பா வண்டியில் இதுதான் நடந்தது. ஏசிசி கிடைக்கவில்லை என்று சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். செட் வேலை செய்தது, அவரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். சாவியை எடுத்தாலும் செட் உள்ளே விழித்துக்கொண்டே இருக்க, பேட்டரி இறங்கி, காலையில் வண்டி எழும்பவில்லை. இதற்குத் தீர்வு உங்கள் மாடலுக்கான கப்ளரும் (ஒயரை வெட்டாமல் கம்பெனி பிளக்கிலேயே சொருகுவது) கேன் பாக்ஸும்தான். அந்தப் பெட்டி செய்தியைப் படித்து ஏசிசி கொடுக்கும், பல மாடல்களில் ஸ்டியரிங் பட்டனும் வேலை செய்யும், கம்பெனி ஒயரில் ஒரு கீறல் விழாது. வெட்டிய ஒயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டரில் வாரண்டியை மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, அதையும் யோசியுங்கள்.

ஸ்பீக்கர் மைனஸை மட்டும் பாடி எர்த்தில் சேர்க்கவே கூடாது. இன்றைய செட்டுகளில் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஆம்ப்ளிஃபையர் ஓட்டுகிறது, எர்த்தில் பட்டால் உள்ளே இருக்கும் ஐசி (ஆம்ப்ளிஃபையர் சிப்) போய்விடும்.

அப்புறம் ஆன்டெனா. கூரையில் இருக்கும் குட்டி ஆன்டெனாக்களில் பலவற்றுக்கு அடியில் ஒரு பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் கொடுப்பது செட்டிலிருந்து வரும் நீல ஒயர். அதை இணைக்காமல் விட்டால் ஊருக்குள் எஃப்எம் ஓரளவு எடுக்கும், ஏற்காடு ஏற ஆரம்பித்தவுடன் இரைச்சல்தான். மலை மறைக்கிறது, செட் மட்டம் என்று பலர் அதையே சகித்துக்கொள்கிறார்கள், ஒரு ஒயர் மாட்டினால் முடிகிற வேலை அது.

முறுக்கி டேப் சுற்றுவதும் நம் ஊருக்கு ஆகாது. சேலத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை இளகி வழியும், அதன் பிறகு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி குலுங்கினால் இணைப்பு எத்தனை நாள் நிற்கும்? ஒயர்களை உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைத்து (கிரிம்ப்), மேலே ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றச் சொல்லுங்கள், மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர் பக்கம் யாரும் போக வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.