ஆரஞ்சு எண்ணெயின் ஆவியழுத்தம்: என் ப்ராஜெக்டில் பதினேழு மடங்கு எங்கே போனது?

முதுகலை வேதியியல் கடைசிப் பருவத்தில் எனக்குக் கிடைத்த தலைப்பு, ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் ஆவியழுத்தத்தை, அதாவது மூடிய குடுவையில் திரவத்துக்கு மேலே நிற்கும் அதன் ஆவி தரும் அழுத்தத்தை, மதிப்பிடுவது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எண்ணெயை நானே நீராவியில் வடித்தெடுத்து, வெற்றிடப் பம்போடு இணைத்த குடுவையில் ஊற்றி, 25 டிகிரி செல்சியஸில் அளந்தேன். 3.4 கிலோபாஸ்கல் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.2 கிலோபாஸ்கல்தான். கிட்டத்தட்ட பதினேழு மடங்கு வித்தியாசம்.

ஒரு வாரம் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது எண்ணெய் லேசாகக் கலங்கியிருந்தது தெரிந்தது. தண்ணீர்! எண்ணெய்க்குள் எவ்வளவு குறைவாக நீர் கரைந்தாலும் சரி, துளி துளியாகப் பிரிந்து நிற்கும் அளவுக்கு நிறைந்துவிட்டால் அது தன் முழு ஆவியழுத்தத்தையும் காட்டும். 25 டிகிரியில் அது 3.17 கிலோபாஸ்கல். அதோடு எண்ணெயின் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள், என் 3.4 வந்துவிடும். நான் அளந்தது பெரும்பாலும் தண்ணீரை. வேடிக்கை என்னவென்றால், எண்ணெயை வடித்தெடுக்க உதவியதும் இதே விஷயம்தான். கலக்காத இரண்டு திரவங்களின் ஆவியழுத்தங்கள் கூடுவதால்தான் 176 டிகிரியில் கொதிக்கும் லிமோனீன் (ஆரஞ்சு எண்ணெயின் முக்கியக் கூறு), நீரோடு சேர்ந்து 100 டிகிரிக்குக் கீழேயே வடிந்து வருகிறது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆய்வகத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே முதல் வேலை, நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு எண்ணெயை உலர்த்துவது. கரைந்திருக்கும் காற்றையும் நீக்கவேண்டும். ஆனால் பம்பை ரொம்ப நேரம் ஓடவிட்டால் காற்றோடு லேசான பொருள்களும் போய்விடும். அப்புறம் நீங்கள் அளப்பது வேறு எண்ணெய். உறையவைத்துப் பம்பு போட்டு, பிறகு உருகவைப்பது பாதுகாப்பான வழி.

இனி கணக்கு. நறுமண எண்ணெய் ஒரு கலவை. ஒவ்வொரு கூறின் மோல் பின்னத்தையும் (மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கு) அதன் தூய ஆவியழுத்தத்தையும் பெருக்கிக் கூட்டச் சொல்கிறது ரௌல்ட் விதி. கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறவரைவியலில் கிடைக்கும் சதவீதத்தை அப்படியே மோல் பின்னமாகப் போடாதீர்கள். அது ஏறத்தாழ எடைச் சதவீதம். லிமோனீனின் மூலக்கூறு எடை 136, கேரியோஃபிலீன் என்ற கனமான கூறுக்கு 204. இரண்டையும் எடையில் பாதிப்பாதி கலந்தால் லிமோனீனின் மோல் பின்னம் 0.5 இல்லை, 0.6. விடையில் அது ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

தூய பொருளின் ஆவியழுத்தம் கிடைக்காவிட்டால்? கொதிநிலை ஒன்றே போதும் என்று ட்ரூட்டன் விதியை நம்பிப் பலர் இறங்குவார்கள். நானும் இறங்கினேன். லிமோனீனின் கொதிநிலை 449 கெல்வின். விதி சொல்வதுபோல் அதை 88 ஜூலால் பெருக்கினால் ஆவியாதல் வெப்பம் (திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பம்) மோலுக்கு 39.5 கிலோஜூல். ஆவியழுத்தம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாட்டில் இதைப் போட்டு 25 டிகிரிக்கு இறங்கினால் 480 பாஸ்கல் வருகிறது. உண்மையான மதிப்பு சுமார் 200. ஏன் இவ்வளவு அதிகம்? ஆவியாதல் வெப்பம் மாறிலி அல்ல. வெப்பநிலை குறையக் குறைய அது கூடும். 25 டிகிரியில் லிமோனீனுக்கு அது ஏறத்தாழ 49 கிலோஜூல். சரி, 49-ஐயே போடலாம் என்றால் இப்போது 130 பாஸ்கல்தான் வரும், மறுபக்கம் சறுக்கல். இரண்டுக்கும் சராசரியாக 44 போட்டால் 250 பக்கம் வந்து நிற்கிறது. கையால் போட்ட கணக்குக்கு அது மோசமில்லை. கொதிநிலையிலிருந்து 150 டிகிரி கீழே இறங்குகிறீர்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அளந்த அழுத்தங்களுக்குப் பொருத்திய மாறிலிகளைக் கொண்ட ஆன்டாய்ன் சமன்பாடு இதைவிட நல்லது, மாறிலிகளைச் சரியாக எடுத்தால். ஓரிடத்தில் பத்தடி மடக்கை, இன்னோரிடத்தில் இயல் மடக்கை. அலகு ஓரிடத்தில் மில்லிமீட்டர் பாதரசம், இன்னோரிடத்தில் கிலோபாஸ்கல். எடுத்த மாறிலிகளில் கொதிநிலையைப் போட்டு ஒரு வளிமண்டல அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அலகில் கோளாறு. அந்த மாறிலிகள் எந்த வெப்பநிலை எல்லைக்குள் பொருந்தும் என்பதையும் பாருங்கள். உயர்ந்த வெப்பநிலையில் பொருத்தியவற்றை 25 டிகிரிக்கு இழுத்தால் மறுபடி பழைய கதைதான்.

லிமோனீன் போன்ற டெர்பீன் ஹைட்ரோகார்பன்கள் தங்களுக்குள் ஏறத்தாழ இலட்சியக் கலவைபோல, அதாவது ரௌல்ட் விதிப்படியே, நடந்துகொள்ளும். லினலூல் மாதிரி ஆல்கஹால் அதிகமுள்ள எண்ணெயில் ரௌல்ட் விதி சொல்வதைவிட அழுத்தம் கூடும். அறிக்கையில் இதற்கு ஒரு வரியாவது எழுதுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

என் வைவாவில் அதைக் கேட்கவில்லை. "இதைத் திறந்து வைத்துப் பாதி ஆவியானபிறகு உன் எண் என்ன ஆகும்?" என்றார் புறத்தேர்வாளர். குறையும் சார் என்றேன். "எவ்வளவு?" சாக்பீஸை எடுத்தேன். லிமோனீன் மோல் பின்னம் 0.95, மீதி 20 பாஸ்கல் அளவிலான கனமான பொருள்கள் என்று வைத்துக்கொண்டால், ஆரம்பத்தில் 191. ஆவியானதெல்லாம் லிமோனீன் என்று கொண்டால் பின்னம் 0.9 ஆகி 182-க்கு இறங்கும். பெரிய மாற்றமில்லை. உடனே அவர் எண்ணெயை மாற்றினார்: எடையில் 98 சதவீதம் யூஜினால், 2 சதவீதம் ஆல்ஃபா பைனீன். யூஜினாலின் ஆவியழுத்தம் இரண்டு மூன்று பாஸ்கல்தான், பைனீனுக்கோ சுமார் 600. அந்த 2 சதவீதம் மோல் பின்னத்தில் 0.024, ஆக அது மட்டுமே 14 பாஸ்கல் தருகிறது. யூஜினால் முழுவதும் சேர்ந்தும் மூன்றைத் தாண்டவில்லை. பைனீன் பறந்ததும் மொத்தம் 17 பாஸ்கல் என்ற எண் மூன்றுக்கும் கீழே விழும். அதையும் எழுதிவிட்டுத் திரும்பியபோது அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.