குழலின் அடியில் மிஞ்சும் நிறம்

உதட்டுச்சாயம் தீர்ந்துவிட்டது என்று நாம் தூக்கி எறியும் குழலின் அடியில், வெளியே தெரியாமல், இன்னும் பல நாட்களுக்குப் போதுமான சாயம் தங்கியிருக்கிறது என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்துகொண்டேன். அதைச் சிறு குச்சியால் வழித்தெடுத்துச் சுத்தமான டப்பாவில் போட்டு, டப்பாவை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால், மெழுகும் எண்ணெயும் இளகி நிறமிகளோடு கலந்து, ஆறியதும் மறுபடி இறுகிவிடும். மங்கிய செங்கல் நிறமும் அடர் ரோஜா நிறமும் இப்படி ஒன்றாகி, நான் அதுவரை பார்த்திராத ஒரு நிறம் கிடைத்த நாளில், புதிதாக வாங்கியிருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டேன்.

அதே சாயத்தை விரல்நுனியில் தொட்டுக் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பரப்பினால் பிளஷ் தனியாக வேண்டியதில்லை. கண்ணிமையில் மட்டும் நான் பூசுவதில்லை. உதட்டுக்கு ஏற்ற சில சிவப்பு நிறமிகள் கண்ணருகே பயன்படுத்த ஏற்றவை அல்ல. உதட்டின் ஓரம் வரையும் பென்சிலான லிப் லைனரால் முதலில் உதடு முழுவதையும் நிரப்பிக்கொண்டால், மேலே பூசும் சாயம் கொஞ்சமே செலவாகும், நெடுநேரமும் நிற்கும்.

கண்ணிமை முடிகளுக்குப் பூசும் மஸ்காராவில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. ஈரமான அந்தக் குழலுக்குள் தூரிகை போய் வரும்போதெல்லாம் கிருமிகளும் சேருவதால், திறந்து 3 முதல் 6 மாதங்களுக்குள், மீதம் இருந்தாலும், அதை அப்புறப்படுத்திவிடுகிறேன்.