பழைய அக்ஸியோவுக்கு கம்பனி மாதிரியே ஃபொக் லைட் போட்ட கதை

நம்மகிட்ட இருக்கது 2007 டொயோட்டா அக்ஸியோ கார், 141ன்னு சொல்ற மொடல். எடுக்கும்போதே ஃபொக் லைட் (பனிமூட்டத்துல ரோடு தெரியிறதுக்கு போடுற லைட்) இல்லாத கார்தான், முன் பஃபர்ல (பம்பர்ல) ரெண்டு பக்கமும் லைட் வரவேண்டிய இடத்துல கருப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருக்கும். கொழும்புல ஓடுறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. நம்ம வீடு நானுஓயா பக்கம். அம்மாவுக்கு மாசம் ஒருக்கா கண்டியில கிளினிக், நம்பர் எடுக்கணும்னா விடியக்காலை மூணரைக்கு வீட்டுல இருந்து இறங்கணும், நுவரெலியா டவுன தாண்டி லபுக்கலை, ரம்பொடைன்னு இறங்கி புசல்லாவை கம்பளை வழியா கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். அதுல லபுக்கலையில இருந்து ரம்பொடை வளைவுகள் வரைக்கும் மூட்டம் இறங்கிட்டா பொனட் முனை தெரியாது.

ஒரு நாள் ஜூன் மாசம், மழையும் மூட்டமும் சேந்து வந்துருச்சு. டிம் (கீழ அடிக்கிற ஹெட்லைட்) போட்டா முன்னால வெள்ளச் சுவர், ஹெட் (தூரத்துக்கு அடிக்கிறது) போட்டா அந்தச் சுவர் இன்னும் பக்கத்துல வந்து நிக்குது. அம்மா அவங்க பக்கத்து கண்ணாடிய இறக்கிட்டு தலைய வெளிய நீட்டி "கோடு தெரியுதுடா, அப்பிடியே வா, வா, இப்ப கொஞ்சம் வலப்பக்கம் எடு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. சுகமில்லாத மனுசி, கிளினிக்குக்கு போறவங்க, அந்தக் குளிர்ல மழையில நனைஞ்சு எனக்கு வழி காட்டிக்கிட்டு வர்றாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த கிளினிக்குக்கு முன்னால இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு.

வேற கார் எடுக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு: 2020 மார்ச்ல இருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதிய நிப்பாட்டி வச்சிருந்ததுல பழைய காருக்கே விலை ஏறிருச்சு, 2022ல டொலர் 200ல இருந்து 360 பக்கம் போனதுக்கு அப்பறம் சொல்லவே வேணாம். இருக்கத ஒழுங்கா வச்சிக்கிறதுதான் நம்மளால முடிஞ்சது.

மொத தடவ நான் அவசரப்பட்டுட்டேன். டவுன்ல ஒரு கடையில செட்டா வர்ற சீன லைட் வாங்கி அங்கயே பூட்டுனேன், ஒன்றரை மணித்தியாலத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்க. டேஷ்போர்டுக்கு கீழ ஒரு சின்ன சுவிட்ச், லைட்டுக்கு கரண்ட் ஹெட்லைட் வயர்ல இருந்தே வெட்டி எடுத்திருந்தாங்க, ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கிற சுவிட்ச்) இல்ல, தனி ஃபியூஸ் இல்ல. போட்டதும் நல்லா பளிச்சுன்னு இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி பிளாஸ்டிக் எரியிற வாசம் வந்துச்சு, பொனட்ட திறந்து பாத்தா ஹெட்லைட் சொக்கட் பழுப்பாகி உருகத் தொடங்கியிருக்கு.

கணக்கு போட்டுப் பாத்தா காரணம் லேசாவே விளங்கும். ஒரு பல்ப் 55 வொட், ரெண்டு சேந்தா 110. 12 வோல்ட்டுக்கு வகுத்தா 9 அம்பியருக்கு மேல. ஹெட்லைட்டுக்குன்னு அளந்து போட்ட வயர்ல இதையும் சேத்து இழுத்தா அந்த வயரும் சொக்கட்டும் எப்பிடித் தாங்கும்? நெருப்பு பிடிக்காம விட்டதே பெரிய விஷயம். அம்மா அந்த கார்லதான் வர்றாங்கன்னு நினைக்கும்போது கைகால் எல்லாம் உதறிருச்சு. அன்னைக்கே எல்லாத்தையும் கழட்டிட்டேன்.

இன்னொன்னும் அந்த மூணு வாரத்துல கவனிச்சேன். எதுக்க வர்ற பஸ்காரங்க எல்லாம் எனக்கு லைட் அடிச்சிக்கிட்டே போனாங்க. லைட் வெளிச்சம் கீழ ரோட்டுல விழாம நாலாபக்கமும் தெறிக்குது, அவங்க கண்ணுலதான் முக்கால்வாசி விழுது. ஃபொக் லைட்னா பளிச்சுன்னு தூரத்துக்கு அடிக்கிற லைட்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தேன். அது வேற. மூட்டம்னா காத்துல நிக்கிற சின்னச் சின்னத் தண்ணித் துளி, மேல நோக்கிப் போற வெளிச்சம் எல்லாம் அந்தத் துளியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது, அந்த வெள்ளச் சுவர் அதுதான். அதனாலதான் உண்மையான ஃபொக் லைட்ட பஃபர்ல தாழ்வா வைக்கிறாங்க, வெளிச்சத்தோட மேல் ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி நேரா நிக்கும், அதுக்கு மேல ஒன்னும் போகாது, அகலமா ரெண்டு பக்கமும் விரியும். தூரத்துக்கு காட்டுறதுக்கு இல்ல அது. பக்கத்துல இருக்க வெள்ளக்கோடு, தண்ணி ஓடுற கான் ஓரம், வளைவு எங்க திரும்புதுன்னு காட்டத்தான்.

மஞ்சளா வெள்ளையான்னு ஒரு சண்டை எப்பவும் இருக்குது. மூட்டத்துல இருக்க துளி பெரிசு, அதுக்கு மஞ்சள் வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் ஒன்னுதான், மஞ்சள் ஊடுருவிப் போகும்ங்கிற பேச்சு சரியில்ல. என் கண்ணுக்கு மஞ்சள் கொஞ்சம் இதமா இருக்குது, அவ்வளவுதான்.

சரி, இந்த தடவ டொயோட்டாகாரன் எப்பிடி பூட்டியிருப்பானோ அப்பிடியே பூட்டணும்னு நினைச்சிக்கிட்டு ஒரு சனிக்கிழமை கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு போனேன். போனவங்களுக்கு தெரியும், மருதானை பக்கம் இறங்கி நடந்தா ரெண்டு பக்கமும் ஜப்பான்ல இருந்து வெட்டி வந்த சாமான், கதவு, எஞ்சின், மீட்டர்னு அடுக்கி வச்சிருப்பாங்க. எனக்கு வேண்டியது நாலு: ஒரு சோடி லைட், ரெண்டு பக்கத்துக்கும் ஓட்டை உள்ள மூடி, ஃபொக் வளையம் உள்ள லைட் சுவிட்ச் கைபிடி, அதோட வர்ற சொக்கட் வயர். ஜப்பான் டொயோட்டாவுல ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்க கைபிடியில நுனியத் திருப்புனா பார்க் லைட், ஹெட்லைட். ஃபொக் இருக்க கார்ல அதுக்கு உள்பக்கம் இன்னொரு வளையம் தனியா திரும்பும். நம்ம கார்ல அந்த வளையம் இல்ல.

நாலாவது கடையில ஒரு நானா பொறுமையா தேடிக் குடுத்தாரு. லைட் கொய்டோங்கிற ஜப்பான் கம்பனி மார்க் போட்டது, கண்ணாடி லென்ஸ், உள்ள வெள்ளிப் பூச்சு உரியாம சுத்தமா இருந்துச்சு. "தம்பி, முதல்ல உள்ளுக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்க, பூச்சு கருத்திருந்தா எடுக்காதீங்க, வெளிச்சம் வராது"ன்னு அவரே சொன்னாரு. மூடி எடுக்கும்போது நான் ஒரு பிழை விடப் பாத்தேன். 2008 கடைசியில அக்ஸியோவுக்கு முகம் மாத்திட்டாங்க, அதுக்கு அப்பறம் வந்த பஃபரோட மூடி நம்ம பழைய பஃபருக்கு உக்காராது. நல்லவேளை பழைய மூடி ஒன்ன கழட்டி பையில கொண்டு போயிருந்தேன், பக்கத்துல வச்சுப் பாத்ததும் வித்தியாசம் தெரிஞ்சிருச்சு. யாராச்சும் போறதா இருந்தா தயவுசெஞ்சு கழட்டுன சாமான கையோட கொண்டு போங்க, ஃபோட்டோ பத்தாது. எல்லாம் சேத்து 34,000 ரூபா குடுத்தேன். சீன செட்டு அதுல பாதிகூட இல்ல, ஆனா அதுக்கு குடுத்தது தண்டம்.

பல்ப் விஷயம் முக்கியம். இந்த லைட்டுக்கு எச்11, 55 வொட். எச்8, எச்9, எச்11 மூணும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எச்8 35 வொட், எச்9 65 வொட். கடையில அவசரத்துல மாத்தி எடுத்துட்டா சூடு கூடி லைட்டு கெட்டுப் போகும், இல்லாட்டி வெளிச்சம் பத்தாது. எல்இடி பல்ப் போடச் சொல்லி ரெண்டு பேர் சொன்னாங்க. நான் போடல. இந்த லைட்டோட கிண்ணம் பல்புல இருக்க கம்பி எந்த இடத்துல எரியுதோ அந்த இடத்தக் கணக்குப் பண்ணி செஞ்சது, எல்இடில வெளிச்சம் வர்ற இடமும் அளவும் வேற, அதனால அந்த வெட்டுன மாதிரி ஓரம் கலைஞ்சு மேல தெறிக்கும். எதுக்க வர்றவன் கண்ணக் கூச வச்சு அவன் நம்ம மேல வந்து ஏறுறதுக்கா நாம லைட் போடுறோம்?

பூட்டுற வேலைக்கு தலவாக்கலையில இருக்க ஒரு வயரிங் மெக்கானிக் பாஸ்கிட்ட போனேன். வயசான மனுசன், பழைய கார் எல்லாம் கையில ஓடும். நான் கீறிக் கொண்டு போன படத்த பாத்துட்டு "அப்ப நீங்களே பாதி வேல முடிச்சிட்டீங்களே"ன்னு சந்தோசப்பட்டாரு. ஃபியூஸ் பெட்டியில ஃபொக்குக்குன்னு இடம் இருந்துச்சு, ஆனா உள்ள தகடு ஒன்னும் இல்ல, வெறும் ஓட்டை. அதனால தனியா நாலு கால் ரிலே ஒன்னு வச்சோம், ஒவ்வொரு காலுக்கும் ஒரு நம்பர் இருக்கும். பெட்டரி பொசிட்டிவ்ல இருந்து 15 அம்பியர் ஃபியூஸ் வழியா 30ஆம் காலுக்கு, 87ல இருந்து ரெண்டு லைட்டுக்கும், 86க்கு பார்க் லைட் வயர், 85 வந்து கைபிடி சுவிட்ச் வழியா கார் பொடிக்கு (எர்த்). பார்க் லைட்ல இருந்து எடுத்ததுக்கு காரணம் இருக்குது, பார்க் லைட் போடாம ஃபொக் எரியக் கூடாது, கார நிப்பாட்டி லைட்ட அணைச்சா ஃபொக்கும் அணையணும், கம்பனி கார்ல அப்பிடித்தான். ஃபியூஸ பெட்டரிக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வச்சாரு பாஸ், இடையில எங்க வயர் உரசி ஷோர்ட் ஆனாலும் ஃபியூஸ் போகணும்னு.

பஃபர கழட்டுறதுக்கு ரெண்டு பேர் வேணும். மேல கிளிப், சில்லுப் பக்கம் ஸ்குரூ, கீழ கிளிப், அப்பறம் ரெண்டு ஓரத்தையும் ஒரே நேரத்துல வெளிய இழுக்கணும். பதினேழு பதினெட்டு வருசத்துப் பிளாஸ்டிக், நாலு கிளிப் ஒடஞ்சிருச்சு, அது தெரிஞ்சுதான் பத்து கிளிப் முன்னயே வாங்கி வச்சிருந்தேன்.

கைபிடி மாத்துறதுக்குத்தான் நான் பயந்தது, ஸ்டியரிங்ல ஏர்பேக் இருக்கே. ஸ்டியரிங்க கழட்டத் தேவையில்ல. பெட்டரி நெகட்டிவ கழட்டிட்டு டொயோட்டா சொல்ற மாதிரி 90 செக்கனாவது இருக்கணும், நாங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தோம். பிறகு ஸ்டியரிங் கீழ இருக்க மூடிய கழட்டி, கைபிடியப் பிடிச்சிருக்க கொக்கிய அமத்தி பக்கவாட்டுல இழுத்தா வந்துரும். கார் பக்கத்து சொக்கட்ல ஃபொக்குக்கு வரவேண்டிய ரெண்டு காலும் காலி. பஞ்சிகாவத்தையில சொக்கட் வயரோட வெட்டி வாங்குனதோட அருமை அப்பதான் விளங்குச்சு, அதுல இருந்து ரெண்டு பின்ன ஊசியால நெம்பி எடுத்து நம்ம சொக்கட்ல குத்திட்டாரு பாஸ். ஒரு வயரையும் வெட்டல. மீட்டர்ல வரவேண்டிய பச்ச அடையாளம் மட்டும் வரல, நம்ம மீட்டர்ல அது கிடைக்கல, கைபிடி வளையத்த பாத்துதான் தெரிஞ்சிக்கணும். பாஸ் கூலி 6,000 கேட்டாரு, நான் கூட ஆயிரம் சேத்துக் குடுத்தேன், மனசாரக் குடுத்தேன்.

பூட்டுனதோட வேலை முடியல, லைட்ட சரியான உயரத்துக்கு திருப்பி வைக்கணும். பல பேர் விடுறது இதத்தான். மட்டமான தரையில சுவருக்கு முன்னால 25 அடி தள்ளி கார நிப்பாட்டி, லைட்டோட நடு உயரத்த சுவர்ல குறிச்சு, வெளிச்சத்தோட மேல் ஓரம் அந்தக் குறிக்கு 4 அங்குலம் கீழ நிக்கிற மாதிரி திருகணும். நம்ம ஊர்ல 25 அடி மட்டமான தரைக்கு எங்க போறது? ரோடு, முத்தம், கோயில் வாசல் எல்லாம் சரிவுதான். கடைசியில தேயிலை ஃபெக்டரியில லொறி நிக்கிற இடம் ஞாபகம் வந்துச்சு, சீமெந்து தரை, கீழ்ச்சுவர் வெள்ளை. அங்க வேல செய்யிற அண்ணன்கிட்ட கேட்டேன், ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொல்லி அவரே டேப் பிடிச்சு அளந்து குடுத்தாரு. சில்லுக் காத்து சரி பாத்து, அம்மா இருக்க சீட்ல ஒரு ஆள உக்கார வச்சுத்தான் திருகுனோம், பாரம் மாறுனா ஓரமும் மாறும். சுவர்ல அந்த நேர்கோடு ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நின்னப்ப ஃபெக்டரி அண்ணன் கையத் தட்டிட்டாரு.

அடுத்த கிளினிக் அன்னைக்கு லபுக்கலை தாண்டுனதும் மூட்டம் வந்துச்சு. டிம் போட்டு வளையத்த திருப்புனேன். சுவர் இல்லாமப் போகல, தூரம் தெரியல, அதுக்கு எந்த லைட்டும் இல்ல. ஆனா கார் முன்னால ரெண்டு பக்கமும் வெள்ளக்கோடு, கான் கல்லு, தேயிலைச் செடி ஓரம் வரைக்கும் தரையில வெளிச்சம் விரிஞ்சு கிடந்துச்சு. மூட்டம் ரொம்ப அடர்த்தியான இடத்துல டிம்மையும் அணைச்சு பார்க் லைட்டும் ஃபொக்கும் மட்டும் வச்சு 20ல இறங்குனேன், அது இன்னும் தெளிவா இருந்துச்சு. எதுக்க வந்த சீடிபி பஸ் ஒன்னுகூட லைட் அடிக்கல. அம்மா கண்ணாடிய இறக்கல, கோட்ட இழுத்துப் போத்திக்கிட்டு புசல்லாவை வரைக்கும் தூங்கிட்டாங்க. மூட்டம் விட்டதும் ஃபொக்க அணைச்சிட்டேன், நல்ல வெளிச்சத்துல அது போட்டுக்கிட்டு ஓடுறது எதுக்க வர்றவங்களுக்கு தொந்தரவு, ஈர ரோட்டுல இன்னும் மோசம்.

இப்ப ஒரு குறை இருக்குது. இடப்பக்க லைட்டுக்குள்ள மழை பெஞ்சா நீராவி பிடிக்குது, எரிய விட்டா அரை மணித்தியாலத்துல போயிருது. பல்ப் உக்கார்ற இடத்துல இருக்க ரப்பர் வளையம் காஞ்சு போயிருக்குன்னு பாஸ் சொன்னாரு, பஞ்சிகாவத்தை நானாவுக்கு கோல் எடுத்து சொல்லி வச்சிருக்கேன், கிடைச்சதும் மாத்தணும்.