எங்கே கொடுத்தாலும் அதே ஸ்டேஷனுக்குத்தான் வருகிறது

காவலர் மீது புகார் கொடுக்கப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை மனு, முதல்வர் தனிப்பிரிவு, எஸ்.பி. அலுவலகம் என்று எங்கே கொடுத்தாலும், அந்தக் காகிதம் மேலொப்பம் வாங்கிக்கொண்டு, யார் மீது புகாரோ அவருடைய ஸ்டேஷனுக்கே ‘விசாரித்து அறிக்கை தருக’ என்று போய்ச் சேரும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

வாகனச் சோதனையில் கொடுத்த பணத்துக்கு என் தம்பி ரசீது கேட்டான். அதற்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எஸ்.ஐ. காதோடு சேர்த்து அறைந்து, போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போனோம். “யார் அடித்தது?” என்று டியூட்டி டாக்டர் கேட்டதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “எஸ்.ஐ. என்றே எழுதுங்கள் டாக்டர்” என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘தெரிந்த நபர் ஒருவர், கையால்’ என்று எழுதினார். நான் இடத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் ‘நபர்’ என்பதை அடித்து, மேலே பொடி எழுத்தில் ‘காவல் அதிகாரி’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், அதாவது ஏ.ஆர். காப்பியில் இருக்கும் அந்த இரண்டு சொற்கள்தான் இன்றுவரை எங்கள் பலம். அதை எழுத வைக்காமல் மருத்துவமனையைவிட்டு வெளியே வராதீர்கள்.

எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்கி ரசீது கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பிறகு விசாரணைக்கு வரச்சொல்லி அழைத்தவர் யார் என்று பார்த்தால், அதே ஸ்டேஷன் ரைட்டர். போனபோது காகிதம் தயாராக இருந்தது. “ஏம்மா, வேலைக்குப் போகிற பையன், எதற்கு வம்பு? ஒரு கையெழுத்துப் போட்டால் போனை இன்றைக்கே வாங்கிக்கொண்டு போகலாம்.” படித்துப் பார்த்தேன். ‘மனு மீது மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று தம்பி சொல்வதுபோல எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். “வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் சார்” என்றேன். வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டார். போனைக் காட்டித்தான் பலபேரிடம் இந்தக் கையெழுத்தை வாங்குகிறார்கள். போடாதீர்கள். வற்புறுத்தினால், ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதி அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது கேமரா. ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு ஜூனில், கைதான தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தபோது, பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததும் நினைவிருக்கும். ஆகவே சம்பவம் நடந்த மறுநாளே, தேதியும் நேரமும் குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்குத் தபால் அனுப்பினேன். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டேன். ‘கேமரா பழுது’ என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். விடாமல் அடுத்த மனுவில், பழுது என்று மேலிடத்துக்கு எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள், சரிசெய்த பில் எங்கே என்று கேட்டேன். பழுதானால் உடனே தெரிவிக்க வேண்டியது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ‘அவ்வாறான ஆவணம் ஏதும் இல்லை’ என்று பதில் வந்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தேன்.

அந்தப் பதிலையும் ஏ.ஆர். காப்பியையும் இணைத்து மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனோம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் சொல்லியிருப்பது கொஞ்சம் தெம்பு. ஆனால் அங்கேயும் விசாரணைப் பிரிவில் இருப்பவர்கள் காவல் அதிகாரிகள்தான்.

காத்திருந்தவர்கள் எல்லோரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனிப் புகார் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்திலோ மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். “எஸ்.பி.யின் ஆட்கள் மீது எஸ்.பி.யிடமே சொல்வதற்கு ஆணையம் எதற்கம்மா, ஆபீஸே போதுமே” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். நீதிபதியும் வெளியாட்களும், கூடவே காவல்துறைக்குக் கட்டுப்படாத விசாரணை ஆட்களும் இல்லாமல் எந்தப் பெயரில் ஆணையம் வைத்தாலும் என் போன்றவர்களுக்குப் பயனில்லை.

அந்தப் பெரியவரின் மனுவை அன்று ஏற்கவில்லை. எஸ்.பி. அலுவலகத்திலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்து, சம்பவம் நடந்து ஒரு வருடத்தைத் தாண்டவிட்டார். அதற்குமேல் ஆணையம் எடுக்காது. எஸ்.பி.யிடம் கொடுத்த மனு நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆணையத்தில் தனியாகப் போட்டுவிடுங்கள். எங்கள் வழக்குக்கு எண் கிடைத்திருக்கிறது. எஸ்.ஐ.க்குச் சம்மன் போய்ச் சேர்ந்த அதே வாரத்தில் போன் வீட்டுக்கு வந்துவிட்டது. எஸ்.ஐ. இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை, வாய்தா கேட்டிருக்கிறார்.