பூட்டனின் இரண்டு நட்சத்திரங்கள்

எங்கள் வீட்டில் பூட்டனுக்கு, அதாவது அம்மம்மாவின் தகப்பனுக்கு, எகிப்துக்காரர் என்றுதான் பெயர். 1941 கடைசியில், அம்மம்மா வயிற்றில் இருக்கும்போது, பிரித்தானிய ஆமியின் பயனியர் படையில் சேர்ந்து திருகோணமலையிலிருந்து கப்பலேறியவர். துவக்கைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்த படை அது.

அவர் போரில் எங்கே நின்றார் என்று அறிய நான் முதலில் தேடிப் போனது நிலாவெளி ரோட்டுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில். மனுசன் ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டுக் கட்டிலில் செத்தவர். அங்கே எப்படி இருப்பார்!

அப்புறம்தான் றங்குப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு நட்சத்திரப் பதக்கங்கள். பின்பக்கம் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. முதலாம் போர்ப் பதக்கம் என்றால் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். இரண்டாம் போர் நட்சத்திரங்களைப் பிரித்தானியா வெறுமையாகவே கொடுத்தது. ஆனால் முன்பக்கம் பேசுகிறது. ஒன்றில் ஆபிரிக்கா: 1943 மே 12க்கு முன் வட ஆபிரிக்காவில் நின்றிருக்கிறார். மற்றதில் சிவப்பு, வெள்ளை, பச்சை நாடா. இத்தாலி!

"இத்தாலியோ? ஐயா ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார் அம்மம்மா. குரலில் கொஞ்சம் கோபம்.

அம்மம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் தம்பலகாமம். ஏன் திருகோணமலை இல்லை? 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டான், சனம் ஊரைவிட்டு ஓடியது. அடுத்த மாதம் அம்மம்மா பிறந்தார். தகவல் கொடுத்தவர் தாய்மாமன். தகப்பன்தான் கடலுக்கு அப்பால் இருக்கிறாரே.

ஆமிப் பதிவுகளில் பூட்டன் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. பல நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆமிக் கிளாக்குக்குக் குடும்பப் பெயர் வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. தகப்பன் பெயரை அந்த இடத்தில் எழுதிவிடுவார்கள். அதாவது நான் தேட வேண்டியது பூட்டனை அல்ல, பூட்டனின் தகப்பனை. அதையும் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம்.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அந்தக் காலத்துச் சேவைக் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன. விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். பிறந்த திகதி கேட்கிறார்கள். சாதகத்தைக் கறையான் தின்றுவிட்டது.

"ஆனி உத்தரம். அது மட்டும் தெரியும்" என்றார் அம்மம்மா.

சரி, இன்னொரு நட்சத்திரம். இப்போது 1910இலிருந்து 1920 வரை ஒவ்வொரு வருசமும் ஆனி உத்தரம் எந்தத் திகதியில் வந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.