தாத்தாவின் பெட்டியிலிருந்து நீகாட்டாவுக்கு

எங்கள் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1944இல், வடகிழக்கு இந்தியாவில் ஜப்பானியப் படையோடு போர் நடந்த கொஹிமா–இம்பால் முனையில் சாலை செப்பனிடுவதும் பாலம் போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவருடைய வேலை. வேலூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் ஒரு ட்ரங்குப் பெட்டியும் உண்டு. எங்கள் பெட்டியில் பதக்கங்களுக்கு அடியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி, ஒரு ஜப்பானியக் கொடி இருந்தது. வெள்ளைப் பட்டு, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் எழுத்துகள்.

அவை ராணுவக் கட்டளைகள் என்றுதான் நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம். சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஒருவரிடம் படம் எடுத்துக் காட்டினேன். மேலே பெரிதாக இருந்தது ‘பூன் சோக்யூ’, போரில் நற்பேறு நீடிக்கட்டும் என்ற வாழ்த்து. மற்றவை எல்லாம் பெயர்கள். பட்டாளத்துக்குப் போகும் பையனுக்கு உற்றாரும் அண்டை வீட்டாரும் உடன் படித்தவர்களும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கொடி அது. மடித்து உடம்போடு வைத்துக்கொள்வார்களாம். ஓரத்தில் அந்தப் பையனின் பெயரும் இருந்தது. அன்றிரவு அம்மா, “இது நம்முடையது இல்லை, கொடுத்துவிடலாம்” என்றார்.

இத்தகைய கொடிகளை உரிய குடும்பங்களுக்குச் சேர்க்கும் ‘ஓபான் சொசைட்டி’ அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அஸ்டோரியா என்ற ஊரில் இருக்கிறது. அவர்களுக்கு முதலில் படங்களை அனுப்பினேன். கொடியை மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், முழுதாக ஒன்றும் எழுத்துகளைக் கிட்டத்தில் பலவுமாக எடுத்தேன். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மை கரைந்தால் ஒரு பெயர் போய்விடும். அந்த ஒரு பெயரே வீட்டைக் காட்டும் தடயமாக இருக்கலாம்.

கொடியை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக 100 ஆண்டு பழைமையான பொருளே தொல்பொருள். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். எழுத்து நிறைந்த இந்தக் கொடி துணியா, ஆவணமா? தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்பினேன். அதற்காக இரண்டு முறை சென்னை போய்வந்தேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது கடிதம். கொடியோடு அந்தக் குடும்பத்துக்கு ஒரு பக்கம் எழுத நினைத்தேன். தாத்தா இறந்த ஒருவனின் சட்டைக்குள்ளிருந்து இதை எடுத்தார். ஆயாவிடம் ஒரே ஒரு முறை அதைச் சொல்லியிருக்கிறார். ஆயா அம்மாவிடம் சொன்னார். பெரிய மாமாவுக்கு அதை எழுதுவதில் சம்மதமே இல்லை. அவரும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். “போர்க்களத்தில் கிடைத்தது என்று எழுது. அப்பாவைப் பிணத்தைத் துழாவியவர் என்று அவர்கள் நினைக்க வேண்டுமா?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. எனக்கும் தாத்தா உயிர்தான். மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நடந்ததையே எழுதினேன். அவர் அதை விற்கவில்லை, சுவரில் மாட்டவில்லை, தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்து எழுதினேன். மாமா படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடியில் தானும் கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில் பழம்பொருள் சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலை தருவதாக இரண்டு முறை போன் செய்தார். அம்மா எடுக்கவே இல்லை.

பிறகு காத்திருப்பு. ஒரு வருடத்துக்கும் மேலாகச் செய்தி இல்லை. வெளிநாட்டு மண்ணில் மாண்ட சுமார் 24 லட்சம் ஜப்பானியர்களில் ஏறத்தாழ 11 லட்சம் பேரின் உடல் எச்சங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. அத்தனை பேரில் ஒருவனின் வீட்டைப் பட்டுத் துணியில் உள்ள பெயர்களை வைத்துத் தேட வேண்டும். கிடைக்காது என்றே நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கிடைத்தது. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், அவனுடைய தங்கை மகன். அவனுக்கு மணமாகியிருக்கவில்லை. போர் முடிந்து வீட்டுக்கு வந்த வெள்ளை மரப்பெட்டியில் பெயர் எழுதிய ஒரு தாள் மட்டுமே இருந்ததாம். கொடியின் இடது ஓரத்தில் இருந்த சிறிய, கோணலான கையெழுத்து தன் அம்மா சிறுமியாக இருந்தபோது போட்டது என்று அவர் எழுதியிருந்தார். அந்த அம்மா இப்போது இல்லை. கொடியை வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி இருந்தது: என் மாமா கிடந்த இடம் எப்படிப்பட்டது என்று உங்கள் தாத்தா ஏதாவது சொன்னாரா?

அம்மா நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மழைக்காலம். சாலையோரச் சரிவு. கீழே ஓடை. அங்கேதான் தாத்தாவும் மற்றவர்களும் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான், அங்கேயே புதைத்தார்கள்.